வெறும் புறம் என்று யார் சொல்வது?

மயிலாடியை இன்று வெளியூரார் கல் சிற்பங்களால் அறிவார்கள். உளிச் சத்தம் ஓயாத அந்த ஊர்தான் தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவம் முதலில் காலூன்றிய இடமும். சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி ஊர் திரும்பினார். இங்கே ஒரு சிறு கூட்டத்தையும் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய அழைப்பின்பேரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வந்தார். 1809-இல் ஆலயம் எழுந்தது. ரிங்கல்தௌபே ஹாலே நகரத்துப் பக்திநெறியில் ஊறியவர். ஞானஸ்நானமும் சபைப் பதிவேடும் ஒருவனைக் கிறிஸ்தவனாக்கிவிடாது, உள்ளம் திரும்ப வேண்டும் என்பது அந்த மரபின் அடிப்படை. தன் சபையில் சேர்ந்த சில நூறு பேரில் மெய்யான விசுவாசம் உடையவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், மற்றவர்கள் உலகக் காரியங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் என்ற கருத்துப்பட அவர் எழுதிய கடிதம் ஒன்று மிஷன் வரலாறுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. நேர்மையான கடிதம்தான். எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டி லண்டனிலிருந்து பணம் வாங்கத் தெரியாத மனிதர் அவர். ஆனாலும் அந்தக் கணக்கு ஒரு கேள்வியை எழுப்புகிறது. அடுத்தவர் நெஞ்சில் இருக்கும் விசுவாசத்தை அளக்க அவரிடம் என்ன படி, என்ன மரக்கால் இருந்தது?

உலகக் காரியம் என்று அவர் குறிப்பிட்டது எதை என்று பார்க்க வேண்டும். அன்றைய திருவிதாங்கூரில் நாடார்களும் சாம்பவர்களும் தலைவரி கட்டினார்கள். கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்தார்கள். வயலோடு சேர்த்து ஆளையும் விற்று வாங்கிய காலம் அது. அடிமை முறை சட்டப்படி ஒழிய 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாளாவது அடுத்தவனுக்குச் சுமை தூக்காமல் இருக்கலாம் என்பதற்காக ஒருவன் ஆலயத்துக்கு வந்தான் என்றால், அவன் வந்தது விசுவாசத்துக்காகவா, விடுதலைக்காகவா? இரண்டையும் பிரித்துப் பார்ப்பது, ஊழியம் என்ன என்றே அறியாதவனுக்குத்தான் கைகூடும். எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த இஸ்ரவேலருக்கு ஓய்வுநாள் கட்டளையின் பொருள் என்னவாக இருந்திருக்கும் என்பது மயிலாடிக்காரனுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும். உபாகமம் அந்தக் கட்டளைக்குச் சொல்லும் காரணமும் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட நினைவுதான்.

இதே ஓய்வுநாள் சட்டம்தான் சுவிசேஷங்களில் இயேசுவுக்கும் பரிசேயருக்கும் நடக்கும் வழக்குகளில் பாதியை உண்டாக்குகிறது. பசித்த சீடர்கள் கதிர் கொய்கிறார்கள். சூம்பிய கையுடைய ஒருவன் குணமாகிறான். சட்டம் மீறப்பட்டது என்று குற்றச்சாட்டு எழுகிறது. உள்ளார்ந்த விசுவாசத்தை உயர்த்திப் பேசுகிறவர்கள் இந்த இடங்களைக் காட்டி, இயேசு புறச்சட்டங்களைத் தள்ளி அகத்தைப் பிடித்தார் என்பார்கள். கூர்ந்து படித்தால் அவர் கேட்டது அதைவிடக் கடினமான கேள்வி என்று தெரிகிறது. இந்தச் சட்டத்துக்கு விலை கொடுப்பவன் யார்? கதிர் கொய்யத் தடை போட்டால் பட்டினி கிடப்பவன் சீடன். தடை போட்டவன் வீட்டில் முந்தின நாளே சமைத்தாயிற்று. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வரும் கொர்பான் விவகாரம் இன்னும் வெளிப்படை. பெற்றோருக்குத் தர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால், மதப்படி எல்லாம் சரி. வீட்டில் இருக்கும் கிழவனும் கிழவியும்தான் பட்டினி. கழுவாத கையைப் பற்றித் தொடங்கிய அந்த விவாதம் கைவிடப்பட்ட பெற்றோரிடம் போய் நிற்பது தற்செயல் என்று தோன்றவில்லை. யாருக்கும் தீங்கில்லாத கைகழுவலை இயேசு ஒழிக்கச் சொல்லவும் இல்லை.

தமிழனுக்கு இந்தச் சிந்தனை புதிதும் அன்று. தலையைச் சிரைப்பதும் சடை வளர்ப்பதும் வேண்டாம், உலகம் பழிப்பதை விட்டாலே போதும் என்று கூடாவொழுக்கத்தில் வள்ளுவர் தீர்த்துவிட்டார். சித்தர்கள் அதற்குமேல் போனார்கள். ஆகவே அகமே பெரிது என்ற கொள்கையை எடுத்துச் சொல்ல இன்னொரு கட்டுரை தேவையில்லை. அந்த நல்ல கொள்கை நம் ஊரில் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதுதான் ஆராய வேண்டியது.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தே நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் குல வழக்கத்தின் அடையாளங்கள், அவற்றுக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்று வாதிட்டார். 1623-இல் போப்பும் அனுமதி கொடுத்தார். ஒருவன் கிறிஸ்தவனாக வேண்டுமானால் பறங்கியின் காலுறையையும் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்ற அளவில் அது நியாயமான வாதம். ஆனால் பூணூலோடு அதன் தீட்டும் உள்ளே வந்தது. உயர்குலத்தாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்கு வேறு வகைக் குரு என்று மதுரை மிஷன் பிரிந்தது. இருநூறு ஆண்டு கழித்துத் தஞ்சாவூரில் இதே வாதம் புராட்டஸ்டண்ட் உடையில் திரும்பி வந்தது. புதிதாக வந்த மிஷனரிகள், சபையில் எல்லாக் குலத்தாரும் கலந்து உட்கார்ந்து ஒன்றாகத் திருவிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். அவ்வூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் 1829-இல் அதை எழுத்தில் எதிர்த்தார். குல வேறுபாடு உலக நடைமுறை, அதில் ஆத்தும காரியம் ஒன்றுமில்லை, இதயத்தில் விசுவாசம் இருக்கும்போது இருக்கையைப் பற்றி என்ன பேச்சு என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அறவே கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டம் சபையை விட்டே விலகியது.

சாஸ்திரியாரை எளிதில் தள்ளிவிட முடியாது. தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் பாட்டை வைத்தவர் அவர். அவருடைய புகார்ப் பட்டியலில் சாதியோடு வேறு சிலவும் இருந்தன: ஆலயத்தில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள், விசேஷங்களில் பூ வைக்க விடுவதில்லை, வேதப் புத்தகத்தின் பழகிய சொற்களை மாற்றுகிறார்கள். மிஷனரிகள் செய்த தவறு இங்கேதான் இருக்கிறது. பூவையும் பந்திப் பிரிவையும் அவர்கள் ஒரே மூட்டையில் கட்டினார்கள். எல்லாமே ‘அஞ்ஞானப் பழக்கம்’. சாஸ்திரியாரும் அதே மூட்டையை அவிழ்க்காமல் தூக்கிக்கொண்டு, எல்லாமே வெறும் புறம், விட்டுவிடுங்கள் என்றார். இரு தரப்பிலும் யாரும் மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை. பூவால் யார் தாழ்ந்தார்? பாட்டால் யார் வெளியே நின்றார்? இருக்கைப் பிரிவால் தாழ்ந்தவர்கள் கண்ணெதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இதை வெறும் புறம் என்று சொன்னதாக எந்த ஆவணமும் காட்டவில்லை.

மயிலாடிக்குக் கிழக்கே, கணவாய்க்கு அப்பால், வடக்கன்குளத்தில் இந்த வாதத்தைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியே காட்டினார்கள். அங்குள்ள திருக்குடும்ப ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்சட்டை வடிவில் எழுந்தது. பலிபீடம் இடுப்புப் பட்டை இருக்கும் இடத்தில். அதிலிருந்து இரண்டு கூடங்கள் இரண்டு கால்களாகப் பிரிகின்றன. ஒன்றில் வெள்ளாளர் முதலானோர், மற்றதில் நாடார் முதலானோர், நடுவில் சுவர். இரண்டு காலில் இருப்பவர்களுக்கும் பூசை செய்யும் குருவானவர் தெரிவார். ஒருவருக்கு மற்றவர் தெரியமாட்டார். கடவுளோடு ஒவ்வொருவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு, பக்கத்திலிருப்பவனோடு எதுவும் வேண்டியதில்லை என்ற ஆன்மீகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரைபடத்தை எந்தக் கொத்தனாரும் போட்டிருக்க முடியாது. இரண்டு கூடங்களிலும் கண்ணீரோடு ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. உள்ளே விசுவாசம் இருந்தது. நடுவில் சுவரும் இருந்தது. 1910-இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவரைத் திரும்பக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று தீர்ப்பானது. சுவர் வெறும் புறம் என்று அதுவரை சொன்னவர்கள், அதை இழந்தபோது நீதிமன்றம் ஏறினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வெறும் புறமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாமே!

பவுல் இந்த நிலைமையை அந்தியோக்கியாவில் நேரிலேயே பார்த்தார். புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து வேறு இடத்துக்குப் போனார். பேதுருவின் விசுவாசம் ஒரே நாளில் மாறிவிடவில்லை; சொந்தக்காரர் என்ன சொல்வார்களோ என்ற பயம். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு முகம் கண்டித்ததாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார். அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது, ஒருவன் இறைச்சி தின்கிறான், ஒருவன் கீரை தின்கிறான், ஒருவன் நாள் பார்க்கிறான், ஒருவன் பார்ப்பதில்லை, அவரவர் மனச்சாட்சிப்படி இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிடுகிறார். தட்டில் என்ன இருக்கிறது என்பது அவருக்குப் பொருட்டில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது பொருட்டு. யாக்கோபின் நிருபம் இன்னும் நெருங்கி வருகிறது: பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கை, கந்தல் உடுத்தவனுக்குக் கால்மாட்டில் இடம் என்று ஜெபக்கூட்டத்தில் இடம் பிரிப்பதையே அவர் எடுத்துக்கொள்கிறார். விசுவாசம், கிரியை பற்றிய புகழ்பெற்ற பகுதி அதே அதிகாரத்தில் அந்த இருக்கைப் பேச்சுக்குப் பிறகு வருவதை மேடைகளில் யாரும் நினைவூட்டுவதில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையின் நிலை இது: ஒரு புறச்சட்டத்தை ‘வெறும் புறம்’ என்று ஒதுக்கும் உரிமை, அதன் சுமையைத் தாங்குகிறவருக்கே உண்டு. லெந்து நாள்களில் பட்டினி கிடப்பவர், விசுவாசத்துக்கு இது அவசியமில்லை என்று நிறுத்தலாம்; அது அவருக்கும் கடவுளுக்கும் இடைப்பட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தரையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், உள்ளம்தான் முக்கியம், இடம் முக்கியமில்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அது விசுவாச அறிக்கை ஆகாது. பெஞ்சைக் காக்கும் தந்திரம்.

நாஞ்சில் நாட்டுப் பெண்களின் தோள்சீலைப் போராட்டம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சபையில் சேர்ந்த நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தத் தொடங்கியபோது 1820-களில் சந்தைகளில் சீலைகள் கிழிக்கப்பட்டன, ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் தாக்கப்பட்டன. குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை கூடாது என்று 1829-இல் அரசு ஒரு நடுவழி கண்டது. 1858-இல் மீண்டும் கலவரம் மூண்டு, 1859 ஜூலையில் பிறந்த ராஜ விளம்பரமும் முழு உரிமை தரவில்லை. உயர்குலப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வரம்பு அதிலும் இருந்தது. நகையும் நல்ல ஆடையும் கிறிஸ்தவளுக்கு அலங்காரமல்ல, உள்ளான மனமே அலங்காரம் என்ற பேதுருவின் அறிவுரையை எடுத்துக் காட்டி, ஒரு முழத் துணிக்கு ஏன் இத்தனை அடி வாங்குகிறீர்கள் என்று அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டிருந்தால், வேதவசனப்படி அது பிழையில்லாத கேள்வி. அறப்படி கொடுமை. அந்தத் துணியின் சுமை, அது இல்லாததன் சுமை இரண்டும் அவர்கள் உடம்பில் இருந்தன. அது புறமா அகமா என்று தீர்மானிக்க வேண்டியவர்களும் அவர்களே. அவர்கள் உடுத்தித் தீர்மானித்தார்கள்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, சட்டங்கள் கழன்றுபோனால் விசுவாசமும் கழன்றுபோகும் என்பது. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஞாயிறு ஆராதனை, நோன்பு, காணிக்கை, குடும்ப ஜெபம் என்ற பழக்கங்கள் இல்லாமல் அகவிசுவாசம் ஒரு தலைமுறை தாண்டுவதே அரிது. அகம் மட்டும் போதும் என்று துணிந்து இறங்கிய இயக்கங்களே இதற்குச் சாட்சி. இரட்சணிய சேனை 1883-இல் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் விட்டுவிட்டது. அடையாளம் இல்லாமலே கிருபை வரும் என்பது அவர்கள் கொள்கை. நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் தண்ணீரையும் அப்பத்தையும் விட்ட அந்தச் சபைக்குச் சீருடை உண்டு, கொடி உண்டு, கேப்டன், மேஜர் என்று பதவிகள் உண்டு. மனிதக் கூட்டம் புறம் இல்லாமல் வாழாது; ஒன்றை வாசலில் விட்டால் இன்னொன்று ஜன்னல் வழியாக வரும். எனவே புறத்தை ஒழிப்பது இங்கே கோரிக்கையே இல்லை. பழக்கம் உள்ளத்தை உருவாக்கும் என்ற வாதத்தை முழுதாக ஏற்கலாம். ஏற்றால் அது இன்னொரு பக்கமும் வெட்டும்: நோன்பு அடக்கத்தைக் கற்பிக்கும் என்றால், ஞாயிறுதோறும் தனித்தனியே உட்காரும் பழக்கம் எதைக் கற்பித்திருக்கும்?

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சுமையைத் தாங்குகிறவரே தீர்மானிக்கலாம் என்றால், சேர்ந்து உட்காருவதும் ஒருவருக்குச் சுமைதானே? சாஸ்திரியார் பக்கத்தவர்கள் வீணாகப் பயப்படவில்லை. கலந்து உண்டவன் வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். சாவுக்குத் தோள் கொடுக்க உறவு வராது. இழப்பு உண்மையானது. ஆனால் அந்த இழப்பை உண்டாக்குவது பக்கத்தில் வந்து உட்காரும் ஏழை அல்லவே. தன் சொந்த இனத்தார். அவர்கள் போடும் அபராதத்தை ஏழையின் கணக்கில் எழுதச் சொல்வது நியாயமாகாது. பேதுருவின் பயமும் அப்படிப்பட்டதுதான், அதை அறிந்தே பவுல் விட்டுக்கொடுக்கவில்லை. உயர்வை இழப்பதும் வலிதான் என்று இரக்கப்படலாம். தாழ்வைச் சுமப்பதோடு அதைத் தராசில் வைக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு சங்கடம் இருக்கிறது, அதற்கு இந்த அளவுகோல் முழுத் தீர்வு தருவதாகச் சொல்ல முடியாது. குமரி மாவட்டத்தின் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பெண்கள் நகை அணிவதில்லை. தாலி, கம்மல் வரை கழற்றிவிடுகிறார்கள். விரும்பிக் கழற்றுகிறவர்கள் உண்டு. வரதட்சிணைக்குப் பவுன் கணக்கு எண்ணும் ஊரில் அது ஒரு விடுதலையாகவும் இருக்கலாம். சபையாரின் கண்ணுக்கு அஞ்சிக் கழற்றுகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு காதும் ஒரே மாதிரி வெறுங்காதுதான். சட்டம் போடும் மேடையில் பெரும்பாலும் ஆண்களே நிற்கிறார்கள், கழற்றுவது பெண்கள். அதுவே ஐயப்படப் போதுமான காரணம். நகை போட்டபடி வந்தாலும் அதே வரவேற்பு கிடைக்கும் என்று ஒரு சபை உறுதி சொன்ன பிறகு கழற்றப்படும் கம்மல்தான் விசுவாசத்தின் அடையாளம் ஆகும். அந்த உறுதியைத் தரும் சபைகள் அதிகம் இல்லை.

விசுவாசத்தை இப்படிச் சமூக நீதிக் கணக்காகச் சுருக்குகிறீர்களே என்றும் கேட்கலாம். ரிங்கல்தௌபேயைக் கொண்டே இதற்குப் பதில் சொல்லலாம். மிஷன் அனுப்பிய சம்பளத்தை ஏழைகளுக்கும் ஊழியர்களுக்கும் பகிர்ந்துவிட்டு, நல்ல மேல்சட்டைகூட இல்லாமல் திரிந்தவர் அவர். 1816-இல் உடல் நலம் கெட்டு ஊரை விட்டுப் புறப்படும்போது, வேதமாணிக்கத்தை ஆலயத்தின் பீடத்தருகே அழைத்து, தன் வெள்ளை அங்கியை அவருக்கு உடுத்திச் சபையை ஒப்படைத்தார் என்று சபை வரலாறு சொல்கிறது. உள்ளத்தை மட்டுமே நம்பிய பக்திநெறிக்காரர், கடைசியில் ஒரு துணியை நாடினார். அடுத்த மிஷனரிகள் வரும்வரை, அந்த அங்கியின் அதிகாரத்தில் ஒரு சாம்பவர் மயிலாடிச் சபையை நடத்தினார். அந்த நாளில் வேதமாணிக்கத்தின் குலத்தாருக்குக் கோயில் வாசல் மூடியிருந்தது. பக்கத்துச் சுசீந்திரத்தில் தேரோடும் வீதியில் நடக்கவே 1926-இல் சத்தியாக்கிரகம் தேவைப்பட்டது. அவர் தோளில் விழுந்த அங்கி புறமா, அகமா? கைவிரலில் எண்ணிய கடிதத்தைவிட, ரிங்கல்தௌபேயின் விசுவாசம் என்ன என்பதை அந்தச் செயலே நன்றாகச் சொல்கிறது. அந்த ஆலயம் இன்று இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறைகளில் பிரிவு இன்னும் போகவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் பல ஆண்டுகளாகப் போராட்டத்துக்கு இலக்கானது. ஏறையூரில் ஆலயத்துக்குச் செல்லும் வழி, சவ வண்டி, இடுகாடு ஆகியவை பற்றிய தகராறு 2008 மார்ச்சில் கலவரமாகி, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். மாண்டவர் ஆத்துமா கடவுளிடம் போய்விட்டது, உடல் எங்கே கிடந்தால் என்ன என்று சமாதானம் சொல்லும் பெரியவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் உண்மையிலேயே அப்படி நம்பினால், தங்கள் குடும்பக் கல்லறைக்கு ஒதுக்கிய இடத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாற்றித் தரும்படி சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கட்டும்.